நின்னபடி உறைஞ்ச சலாமி பாக்கெட்

யார் வீட்டுக்குப் போனாலும் எனக்கு முதல்ல பிரீசரைத் திறந்து பார்க்கணும். சோபால உக்காரச் சொல்வாங்க, காபி போடவான்னு கேப்பாங்க, என் கண்ணு மட்டும் சமையக்கட்டுப் பக்கமே போகும். சொந்தத் தங்கச்சி ஊட்லயே ஒரு தடவை பிரீசருக்குள்ள கையை விட்டு, "இது எப்ப வாங்கின கறி? தேதி எங்க?"ன்னு கேட்டுட்டேன். அவ ஒரு மாசம் எங்கூடப் பேசல. பேசாட்டிப் போகட்டும். அந்தக் கறியக் கொட்டினாளா இல்லையாங்கிறதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் சந்தேகம்.

அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு இறைச்சி கம்பெனியில முப்பது வருஷத்துக்குக் கிட்ட வேலை பார்த்தேன். கோழி சலாமி, ஹாம், சாசேஜ் எல்லாம் தயார் பண்ற இடம். சலாமின்னா ஒண்ணுமில்ல, அரைச்ச இறைச்சியை மசாலா போட்டு உருட்டி வேகவெச்சு, நல்லாக் குளிர்ந்ததும் வட்ட வட்டமா மெல்லிசாச் சீவி, காத்தை உறிஞ்சிட்டு பாக்கெட்ல அடைக்கிறது. நான் தரக்கட்டுப்பாடு. கெமிஸ்ட்ரி படிச்சேன், சேர்ந்தேன், ரெண்டு வருஷம் தெர்மாமீட்டரைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன், அப்புறம் எல்லாரும் என்னைப் பார்த்து பயப்பட ஆரம்பிச்சாங்க. பயிற்சிக் காலத்தைப் பத்திச் சொல்ல அவ்வளவுதான் இருக்கு. முகத்துக்கு நேரா மதி அக்கா, முதுகுக்குப் பின்னாடி போலீஸ் அக்கா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சாங்க. எனக்கா தெரியாது?

போன மாசம் கம்பெனியில இப்ப இருக்கிற பிள்ளைங்க போன் பண்ணிச்சுங்க. முன்னெல்லாம் இந்தச் சரக்கு ஓட்டலுக்குத்தான் போகும். இப்ப போன்ல தட்டினா பத்து நிமிஷத்துல வாசலுக்கு வந்துடுது. அயனம்பாக்கம் ஏரிக்கரையில எங்க நிலம் இருந்த பக்கம் பூரா இப்ப பிளாட்டுங்க, எல்லா பிளாட்லயும் ஒரு பாக்கெட் இருக்கு. "அக்கா, போன் பண்றவங்க பாதிப் பேரு இதை பிரீசர்ல வெக்கலாமா, எப்படி உருக்கணும்னுதான் கேக்குறாங்க. நீங்க எழுதிக் குடுங்க"ன்னாங்க.

எழுதுறேன். பிரிக்காத பாக்கெட்னா அப்படியே வைக்கலாம். பிரிச்சிட்டா, ஒரு வேளைக்கு எத்தனை துண்டு வேணுமோ அத்தனையா பிரிச்சு, நடுநடுவுல பட்டர் பேப்பர் வெச்சு, காத்து போகாம சுத்தி, தேதி எழுதி, படுக்க வைங்க. நிக்க வைக்காதீங்க. ருசி குறையறதுக்குள்ள, ஒண்ணு ரெண்டு மாசத்துல தீர்த்துடுங்க. வேணுங்கிறப்ப முந்தின ராத்திரியே எடுத்து பிரிட்ஜோட கீழ்த்தட்டுக்கு மாத்தணும். மேடையில வெச்சு உருக்கக்கூடாது, வெயில்ல வைக்கக்கூடாது, சுடுதண்ணியில போடக்கூடாது. உருகினதை மறுபடி உறைய வைக்கவே கூடாது. "வறுத்துட்டா சரியாயிடும்ல?"ன்னு கேப்பாங்க. ஆகாது. சில கிருமி செத்தாலும் அது கக்கி வெச்ச விஷம் சாகாது. எண்ணெயில போட்டு முறுகலா வறுத்தாலும் அது பாட்டுக்கு இருக்கும்.

இதைச் சொன்னா, "நாங்க அப்படித்தான் பண்றோம்"னு எல்லாரும் சொல்வாங்க. நான் நம்ப மாட்டேன். பொய் சொல்றாங்கன்னு இல்ல. தன் வீட்டு பிரிட்ஜுக்குள்ள என்ன நடக்குதுன்னு அவங்களுக்கே தெரியாது. அதைப் புரிஞ்சுக்க எனக்கு ஒரு கேசு வேண்டியிருந்தது. அதைச் சொல்லணும்னா கௌரியைப் பத்திச் சொல்லணும்.

கௌரி கோவில்பதாகையிலிருந்து வர்றவ. ஒப்பந்தத் தொழிலாளி. ஸ்லைசர் மெஷின்ல இருந்து விழுற துண்டை எண்ணி அடுக்கி பாக்கெட்ல வைக்கிற வேலை. அடுக்குறதுல அவளை அடிச்சுக்க ஆளில்ல. வாயும் அப்படித்தான், நிக்காது. "அக்கா, ஊட்ல மாமாவையும் இப்பிடித்தான் டெம்பரேச்சர் பாப்பியா?"ன்னு லைன்ல எல்லார் முன்னாடியும் கேப்பா. நான் சிரிக்க மாட்டேன். உள்ளுக்குள்ள சிரிப்பேன்.

ஒரு வருஷம் சித்திரை மாசம் ஒரு புகார் வந்துச்சு. அயனம்பாக்கத்துல ஒரு பிளாட், அஞ்சு வயசுப் பிள்ளை. காலைல எங்க சலாமியை வறுத்து ரொட்டி நடுவுல வெச்சு டிபன் பாக்ஸ்ல குடுத்திருக்காங்க. மத்தியானத்துக்குள்ள பிள்ளை வாந்தியெடுத்து சுருண்டு விழுந்திடுச்சு. ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில டிரிப்ஸ். பிள்ளை பொழைச்சுக்கிச்சு, நல்லா இருக்கு, அதை முதல்லயே சொல்லிடுறேன். மிச்சத் துண்டு ரெண்டைச் சோதனைக்கு அனுப்பினதுல வந்த பதில்தான் வினை. மனுஷக் கையிலயும் காயத்துலயும் இருக்கிற கிருமி, அளவுக்கு மேல.

கைன்னு பார்த்த உடனே என் புத்தி லைனுக்குத்தான் ஓடுச்சு. அந்த பேட்ச்ல நாங்க எடுத்து வெச்சிருந்த நாலு பாக்கெட்டையும் பிரிச்சு சோதிச்சேன். நாலும் சுத்தம். வேற யாரா இருந்தாலும் அதோட நிம்மதியாகியிருப்பாங்க. நாலு சுத்தம்னா அஞ்சாவதும் சுத்தம்னு யார் சொன்னதுன்னு நான் கேட்டேன். அந்த ஷிப்ட்ல யார் யார் அடுக்கினாங்கன்னு எடுத்தேன். பத்து பேர். கேமரா பதிவைப் போட்டு பத்து பேர் கையையும் பார்த்தேன். கௌரி மட்டும் இடது ஆள்காட்டி விரலை மடக்காம அடுக்குறா.

மறுநாள் காலைல எல்லாரும் வரிசையில நிக்கிறப்ப, அவ முன்னாடி போய் நின்னேன்.

"கிளவுஸக் கழட்டு."

"இன்னாக்கா, இப்பத்தான மாட்னேன்."

"கழட்டுன்னா கழட்டு."

கழட்டினா. விரல்ல நீளமா ஒரு தழும்பு, ஆறி ஒரு வாரம் பத்து நாள் இருக்கும். காய்கறி நறுக்குறப்ப வெட்டிக்கிட்டாளாம், அன்னிக்கு பிளாஸ்திரி போட்டு அது மேல ரெண்டு கிளவுஸ் மாட்டிக்கிட்டு வேலை செஞ்சிருக்கா. ஒத்துக்கிட்டா. முப்பது பொம்பளைங்க பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. அவ முகத்துல ஈயாடல. கையும் களவுமா பிடிச்சுட்டோம்னு எனக்கு அப்ப அவ்வளவு பெருமையா இருந்துச்சு.

காயத்தோட லைனுக்குள்ள வரக்கூடாதுங்கிறது நான் எழுதி ஒட்டின விதி. காயம் இருந்தா கேட்லயே திரும்பிப் போயிடணும், அன்னிக்கு வருகை கிடையாது, கூலியும் கிடையாது. மறைச்சா வேலையே கிடையாது. அந்த விதிப்படி கௌரியை வெளியே நிறுத்திட்டு, ரெண்டு பக்கத்துக்கு அறிக்கை எழுதி மேனேஜர் மேஜையில வெச்சேன்.

எங்க மேனேஜர் பெஞ்சமின் சார். அவரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. ஆபீஸ் ரூம்லயும் தலையில அந்த வலைத் தொப்பியைப் போட்டுக்கிட்டுத்தான் உக்காந்திருப்பார். ஏதாவது சரக்குல குறைன்னு கொண்டுபோனா, பாக்கெட்டைத் தானே பிரிப்பார், கண்ணை மூடி மோந்து பார்ப்பார், ஒரு துண்டை வெளிச்சத்துல தூக்கிப் பிடிப்பார், அப்புறம் நம்மளைப் பார்த்து, "இதை உங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போவீங்களா?"ன்னு கேப்பார். அவ்வளவுதான். திட்டு வாங்கினா கூட தேவலைன்னு இருக்கும்.

என் அறிக்கையை ரெண்டு தடவை படிச்சார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்.

"வளர்மதி, இதுல நீங்க பார்த்தது எது, நெனச்சது எது?"

"சார், காயத்தை மறைச்சிருக்கா. அவளே ஒத்துக்கிட்டா."

"அது பார்த்தது. அந்தக் காயத்தால அந்தப் பிள்ளைக்கு வந்துச்சுங்கிறது?"

நான் சோதனைக் காகிதத்தை எடுத்து நீட்டினேன்.

"அந்த பாக்கெட்டை நீங்க பார்த்தீங்களா?"

பார்க்கல. காகிதத்தைத்தான் பார்த்திருக்கேன்.

"திங்கக்கிழமை ஒப்பந்தப் பட்டியல் புதுப்பிக்கிறாங்க. பேர் இல்லைன்னா அந்தப் பொண்ணு அவ்வளவுதான், இந்த எஸ்டேட்ல சாப்பாட்டுக் கம்பெனி எதுலயும் எடுக்க மாட்டாங்க. இன்னிக்கு வெள்ளி"ன்னு சொல்லிட்டு, அறிக்கையைக் கையெழுத்து போடாம எங்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டார்.

எனக்குக் கோவம். சந்தேகப்படுறதுக்குத்தானே எனக்குச் சம்பளம் தர்றாங்க, என்னையே சந்தேகப்பட்டா? சனிக்கிழமை காலைல அந்தக் கோவத்தோடதான் அயனம்பாக்கம் பிளாட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தது அந்தப் பிள்ளையோட அம்மா ரம்யா. தென்காசிப் பக்கம், இங்க ஐ.டி. வேலை. வீட்டுக்காரர் வேலை விஷயமா வெளியூர். ஹால்ல மாமனார், சிவசைலம்னு பேரு. நெத்தி நிறைய திருநீறு, கையில பேப்பர். என்னை நிமிர்ந்து பார்த்து ஒரு கும்பிடு போட்டுட்டு மறுபடி பேப்பருக்குள்ள போயிட்டார்.

ரம்யா என்னைச் சமையக்கட்டுக்குக் கூட்டிட்டுப் போய் கதவைச் சாத்திட்டு குசுகுசுன்னு பேசினா. "மெதுவாப் பேசுங்க மேடம். அவங்க பரம்பரை சைவம். பையனுக்கு நான் இதெல்லாம் குடுக்கிறது மாமாவுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரில இருந்தப்பகூட அவங்ககிட்ட ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கலன்னுதான் சொல்லி வெச்சிருக்கோம்." பிரீசருக்குள்ள பட்டாணிப் பை, அதுக்குப் பின்னாடி அந்த பாக்கெட். "புகார் குடுத்ததுலருந்து இதைத் தொடவே இல்லை. சோதனைக்கு வந்தவங்கதான் ரெண்டு துண்டு எடுத்தாங்க."

வாங்கிப் பார்த்தேன். பார்த்த உடனே தெரிஞ்சுது. துண்டுங்க எல்லாம் சரிஞ்சு பாக்கெட்டோட கீழ் விளிம்புல குவிஞ்சு கிடக்கு. அதே விளிம்புல ரோஸ் கலர்ல ஒரு கட்டி ஐஸ். மேல் பாதி காலி. ஒழுங்கா உறைஞ்ச பாக்கெட்ல தண்ணியே பிரியாது. இது முழுசா உருகி, தண்ணி வடிஞ்சு, நின்னபடி திரும்ப உறைஞ்சிருக்கு.

"எப்படி வெச்சீங்க?"

"படுக்க வெச்சுதான். நாலு துண்டு எடுத்துட்டு, மிச்சத்தை மடிச்சு கிளிப் போட்டு பட்டாணிக்கு அடியில வெச்சேன்."

"நடுவுல வெளிய எடுத்தீங்களா?"

"இல்லவே இல்ல மேடம். காலைல எடுத்து, கத்தியால நெம்பி வறுத்தேன். அவ்ளோதான்."

காதுல பூ சுத்துறாடான்னு நெனச்சேன். கரண்ட் போச்சான்னு கேட்டேன், ஜெனரேட்டர் இருக்காம். கீழ காவலாளிக்கு போன் போட்டும் கேட்டுக்கிட்டேன், அந்த வாரம் பூரா ஒரு நிமிஷம்கூட கரண்ட் போகலையாம். அப்புறம்தான் கவனிச்சேன், பாக்கெட் வாயில கிளிப் இல்ல. ரப்பர் பேண்டு.

"இது?"

ரம்யா குனிஞ்சு பார்த்தா. நெத்தி சுருங்கிச்சு. "நான் பச்சை கிளிப் போட்டேன். இதை நான் போடலையே. அன்னிக்கு அவசரத்துல கைக்கு வந்ததைக் கழட்டி மாட்டினேன், கவனிக்கவே இல்ல."

அந்த முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்ற முகத்தை எத்தனையோ வருஷமாப் பார்த்தவ நான். அது பொய் சொல்ற முகம் இல்ல. எனக்குக் குழப்பமாயிடுச்சு. குரல் உசந்ததுகூடத் தெரியாம பேசிட்டேன். "இங்க பாரும்மா. இது உருகித் திரும்ப உறைஞ்சது. யார் பண்ணதுன்னு தெரியலன்னா, எங்க லைன்ல ஒரு பொண்ணுக்குத் திங்கக்கிழமை வேலை போயிடும். அவ பேரு கௌரி. நான்தான் எழுதிக் குடுத்திருக்கேன்."

ஹால்ல பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டுச்சு.

நான் கிளம்பி லிப்டுக்கு வந்தா, அந்தப் பெரியவர் செருப்பைப் போட்டுக்கிட்டு பின்னாடியே வர்றார். பால் வாங்கப் போறேன்னு வீட்ல சொல்லிட்டு வந்திருக்கார். கீழ வண்டி நிறுத்துற இடத்துல என்னை நிறுத்தினார்.

"அம்மா, அந்தப் பொண்ணுக்கு வேலை நெசமாவே போயிருமா?"

"போயிரும் சார்."

தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னார். "நான்தான் எடுத்து வெளிய வச்சேன்."

அவருக்கு முதல் மாசத்துலருந்தே தெரியுமாம். பட்டாணிக்கு அடியில என்ன இருக்குன்னு தெரியும், பேரன் என்ன சாப்பிடுறான்னும் தெரியும். "பிள்ளைய வளக்கது அவ. என்ன குடுக்கணும்னு அவளுக்குத் தெரியும். நான் எதுக்கு இடையில போகணும்? கேட்டா அவ மனசு நோகும்லா"ன்னார். ஆனா அமாவாசை வந்தா மட்டும் அவருக்கு முடியாது. அப்பாவுக்குப் படையல் போடணும். தயிரும் வெண்டைக்காயும் வாழைக்காயும் இருக்கிற அதே பெட்டிக்குள்ள இதுவும் இருக்கக்கூடாதுன்னு, மருமக எந்திரிக்கறதுக்குள்ள பேப்பர்ல சுத்தி எடுத்து, பால்கனியில ஒரு மூடி போட்ட வாளிக்குள்ள வெச்சிடுவார். காக்காய்க்கு வெச்சு, சாப்பிட்டு, எல்லாம் முடிஞ்சு சாயங்காலம் மருமக ஆபீஸ்லருந்து வர்றதுக்கு முன்னாடி மறுபடி பிரீசருக்குள்ள, பட்டாணிக்குப் பின்னாடி நிக்க வெச்சிடுவார். மாசா மாசம். ஒரு தடவைகூட அவளுக்குத் தெரியாது.

"அன்னைக்கு எடுக்கும்போது கிளிப் ஒடிஞ்சு போச்சு. பூப் பொட்டலத்துல வந்த ரப்பரைப் போட்டேன்"னார்.

சித்திரை வெயில்ல, பால்கனி வாளிக்குள்ள, காலைல ஆறு மணிலருந்து சாயங்காலம் நாலு வரைக்கும். நாலு துண்டு எடுக்கிறப்பவே ரம்யா கைபட்ட பாக்கெட். மறுநாள் காலைல அவ வறுத்து டிபன் பாக்ஸ்ல வெச்சிருக்கா. எனக்கு எல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு.

"அப்ப என் பேரனுக்கு வந்தது என்னாலதானா?"ன்னு கேட்டார்.

இல்லைன்னு சொல்லியிருக்கலாம். பார்க்கலாம் சார்னு சொல்லியிருக்கலாம். நான் "ஆமா சார்"னுட்டேன். என் வாயில வேற என்ன வரும்? அவர் ஒரு ஸ்கூட்டர் மேல கையை ஊணிக்கிட்டு நின்னார். என்னைத் திட்டல. "தெரிஞ்சா யாராவது செய்வாங்களாம்மா"ன்னு மட்டும் கேட்டார்.

அப்புறம் பால்கூட வாங்காம என்னையும் மேல கூட்டிட்டுப் போனார். மருமகளைக் கூப்பிட்டு, உக்காரச் சொல்லி, நேரா சொல்லிட்டார். ரம்யா வாயைப் பொத்திக்கிட்டா. "மாமா, உங்களுக்குத் தெரியுமா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!" "நீ ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே தாயி." ரெண்டு பேரும் அழுதாங்க, நடுவுல நான் கைப்பையைப் பிடிச்சுக்கிட்டு மக்கு மாதிரி நிக்கிறேன். கடைசியில அவர் மூக்கைத் துடைச்சுக்கிட்டு, மேஜையில உக்காந்து, ஒரு பக்கம் நிறுத்தி நிதானமா எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுத்தார். "அந்தப் பொண்ணு பேரு கௌரிதானே? பேரு தப்பாயிரக்கூடாது"ன்னு கேட்டு எழுதினார்.

திங்கக்கிழமை காலைல அந்தக் காகிதத்தையும் என் புது அறிக்கையையும் பெஞ்சமின் சார் மேஜையில வெச்சேன். படிச்சார், ஒண்ணும் கேக்காம கையெழுத்து போட்டார். கௌரி பேரு பட்டியல்ல ஏறிடுச்சு. அவளுக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். ஒன்பது மணிக்கு வந்துட்டா.

உடை மாத்துற ரூம்ல அவளைப் பார்த்தேன். ஏதோ சொல்லுவா, சிரிப்பா, என் வீட்டுக்காரரைப் பத்திக் கிண்டல் பண்ணுவான்னு நெனச்சேன். தலைமுடியை வலைக்குள்ள தள்ளிக்கினு நின்னா.

"கௌரி, தப்பு உன் மேல இல்லன்னு எழுதிட்டேன்."

"தெரியும்கா. ஆபீஸ்ல சொன்னாங்கோ."

"அப்புறம் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க?"

அப்பத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தா. "ஏங்க்கா, எல்லாத்தையும் கேட்ட. எப்ப வெட்டிக்கினே, எந்தக் கத்தி, எத்தினி நாளாச்சு, அல்லாம் கேட்ட. ஏன் மறைச்சேன்னு ஒரு தபா கேட்டியா?"

"ஏன் மறைச்ச?"

"இப்பக் கேட்டு இன்னா பண்ணப் போற?"ன்னுட்டு கிளவுஸை மாட்டிக்கினு உள்ள போயிட்டா.

நான் அங்கயே பெஞ்சில உக்காந்துட்டேன். எதிர் சுவத்துல நான் எழுதி ஒட்டின விதி. காயம் இருந்தா கேட்லயே திரும்பு, வருகை கிடையாது. இந்த விதி இருக்கிற இடத்துல எவ காயத்தைக் காட்டுவா? நானா இருந்தாலும் ரெண்டு கிளவுஸ் மாட்டிக்கிட்டு உள்ள வந்திருப்பேன். இத்தனை வருஷமா மறைக்கிறவளைப் பிடிக்கத்தான் பார்த்தேனே தவிர, மறைக்கச் சொல்லிக் குடுத்ததே நான்தான்னு தோணல. அழுகை வந்துடுச்சு. அழுதேன், அதுல என்ன இருக்கு.

அந்தக் காகிதத்தைக் கிழிச்சு எடுத்துக்கிட்டு பெஞ்சமின் சார்கிட்ட போனேன். காயம் இருந்தா அன்னிக்கு அட்டைப்பெட்டி மடிக்கிற பக்கம் வேலை குடுப்போம், வருகை உண்டு, யாரையும் வெளிய அனுப்ப வேணாம்னு சொன்னேன். அரைமணி நேரம் யோசிச்சார், சரின்னார். சாயங்காலம் லைன்ல எல்லாரையும் நிக்க வெச்சு நானே படிச்சுச் சொன்னேன்.

மறுநாள் காலைல நான் கேக்காமலே, கௌரியோட வரிசையிலருந்து ஏழு பேர் முன்னாடி வந்து கையை நீட்டினாங்க. ஏழு கையிலயும் காயம். அதுல மூணு, ஒரு வாரத்துப் பழசு.